நோட்டு மாற்றும் கடையின் கதை

போன மாதம் எங்கள் குடியிருப்பில் பக்கத்து பிளாக் நண்பர் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்தார். பையனுக்கு மான்செஸ்டரில் எம்.எஸ்ஸி. இடம் கிடைத்துவிட்டது. ஃபீஸ் கட்டியாகிவிட்டது, விசா வந்துவிட்டது, கைச்செலவுக்குப் பவுண்டு மட்டும் பாக்கி. "சார், நீங்க பேங்க்ல இருக்கீங்க. பணத்தை இங்கேயே மாத்திக்கறதா, இல்ல ஏர்போர்ட்ல பாத்துக்கலாமா?" என்று கேட்டார். மும்பையில் பத்துத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற இடத்தில் வங்கிக்காரன் ஒருவன் மாட்டினால், இந்தக் கேள்வி வருடத்துக்கு நாலு தடவையாவது வரும். ஆகஸ்ட் மாதத்தில் கூடுதலாக வரும்.

"ஏர்போர்ட்ல மட்டும் மாத்தாதீங்க" என்றேன். அவர் மனைவி விடவில்லை. "யாருமே மாத்தக் கூடாதுன்னா அங்க எதுக்கு வரிசையா கடை வெச்சிருக்காங்க?" என்றார்.

நல்ல கேள்வி. காபி ஆறுவதற்குள் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. பாதியில் விட்டதை இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன். அந்தக் கடைகளிலேயே பெரியதாக வளர்ந்த ஒன்றின் கதைதான் அந்தப் பதில். கம்பெனியின் பெயர் ட்ராவலெக்ஸ்.

முதலில் கொஞ்சம் கணக்கு. பி.காம். படித்தவன் கதை சொன்னால் கணக்கு வராமல் இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். வங்கிகள் தங்களுக்குள் ஒரு பவுண்டை 100 ரூபாய்க்குக் கொடுத்து வாங்குகின்றன என்று வையுங்கள். (நிஜ விலை வேறு. இது கணக்குச் சுலபத்துக்காக.) கவுண்டர்காரர் உங்களுக்கு 108 ரூபாய்க்கு விற்பார். நீங்கள் ஊர் திரும்பி மிச்சப் பவுண்டை நீட்டினால் 92 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வார். நடுவில் இருக்கும் அந்த 16 ரூபாய்க்கு ஸ்பிரெட் என்று பெயர். "கமிஷன் இல்லை" என்று போர்டு வைத்திருப்பார்கள். பொய் இல்லை. கமிஷன் வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் 92-க்குக் கொடுத்துவிட்டு வந்த அதே நோட்டை அடுத்த வரிசையில் நிற்பவருக்கு 108-க்கு விற்கலாம். ஒரே காகிதம் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை சம்பாதித்துக் கொடுக்கும். ஆனால் விற்காமல் பெட்டியில் தூங்கினால் அதற்கு வட்டி கிடையாது, இன்ஷூரன்ஸ் செலவும் காவல் செலவும்தான் மிச்சம். ஆக இந்தத் தொழிலில் முக்கியம் இடம். ஆட்கள் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டே இருக்கிற, விலை விசாரிக்க அவர்களுக்கு நேரம் இல்லாத இடம்.

1976-இல் லாயிட் டார்ஃப்மன் என்ற 24 வயது இளைஞர் லண்டனில் சவுத்தாம்ப்டன் ரோ என்ற தெருவில் ஒரு கவுண்டர் திறந்தார். ஒரே ஒரு கவுண்டர்தான். பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் பக்கம், சுற்றிலும் ஓட்டல்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிநாட்டார் நடமாடும் தெரு.

வருடத்தைக் கவனியுங்கள். 1976 மார்ச்சில் பவுண்டின் மதிப்பு முதல்முறையாக இரண்டு டாலருக்குக் கீழே போனது. அந்த வருடக் கடைசியில் பிரிட்டன் சர்வதேச நிதியத்திடம் போய் 390 கோடி டாலர் கடன் கேட்டு நின்றது. 1991-இல் நம் நாடு தங்கத்தை விமானத்தில் ஏற்றி அனுப்பியதைப் பேசி வருத்தப்படுகிறோமே, நம்மை ஆண்டவர்களே அதற்குப் பதினைந்து வருடம் முன்னால் கையேந்தி நின்றிருக்கிறார்கள். இப்படி ஒரு நேரத்தில் நாணயம் மாற்றும் கடை திறப்பது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு நாட்டின் பணம் மலிவானால் அந்த நாட்டைப் பார்க்க வருபவர்கள் கூடுவார்கள். வருகிறவன் கையில் அவன் ஊர் நோட்டு இருக்கும். அதை மாற்ற வங்கிக்குப் போனால் வங்கி மூன்றரை மணிக்குச் சாத்திவிடும். வெள்ளைக்காரர்களிடம் நாம் கற்றுக்கொண்ட வங்கி நேரம் அது, நமக்குத் தெரியாததா?

உள்ளூர் ஆட்கள் வெளிநாடு போவது அப்போது வேறு கதை. பிரிட்டிஷ்காரர்களுக்கும் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இருந்தது. 1966-லிருந்து 1970 வரை ஒருவர் சுற்றுலாவுக்கு 50 பவுண்டுக்கு மேல் வெளிநாட்டுச் செலாவணி வாங்க முடியாது, வாங்கினால் பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் எழுதி முத்திரை வைப்பார்கள். பிறகு தளர்த்தினார்கள், ஆனாலும் கட்டுப்பாடு போகவில்லை. 1979 அக்டோபரில் தாட்சர் அரசு ஒரே அறிவிப்பில் அத்தனையையும் எடுத்துவிட்டது. அந்த வேலைக்கென்றே பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் இருந்த ஒரு துறைக்கே வேலை இல்லாமல் போனது. நமக்கு அந்த மாதிரி ஒரே நாளில் கதவு திறக்கவில்லை. 1973-இன் ஃபெரா சட்டம் போய் ஃபெமா வந்தது 2000 ஜூனில். தனிமனிதர் வருடத்துக்கு 25,000 டாலர் வெளியே அனுப்பலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது 2004-இல். அது இரண்டரை லட்சம் டாலராக உயர்ந்தது 2015-இல். கால் நூற்றாண்டு பிந்தி வந்தோம், படிப்படியாக வந்தோம். அது நல்லதா கெட்டதா என்பது பெரிய விவாதம். இப்போது வேண்டாம்.

கட்டுப்பாடு போன பிறகு டார்ஃப்மன் கடைக்கு இரண்டு பக்கமும் ஆள் வந்தது. வருகிறவன் விற்றான், போகிறவன் வாங்கினான். ஆனால் நிஜமான திருப்பம் 1986. அந்த வருடம் ஹீத்ரோ விமான நிலையத்தில் நான்காவது முனையம் திறந்தார்கள். அதுவரை ஹீத்ரோவில் பணம் மாற்றுவது வங்கிகளின் தனி உரிமை. முதல்முறையாக வங்கி அல்லாத ஒரு கம்பெனிக்கு அங்கே கவுண்டர் கிடைத்தது.

சவுத்தாம்ப்டன் ரோவில் ஒரு கடையில் விலை பிடிக்காவிட்டால் எதிர்த்த கடைக்குப் போகலாம். விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை தாண்டிய பிறகு எதிர்த்த கடை என்று ஒன்று கிடையாது. இருந்தாலும் அதே கம்பெனியின் இன்னொரு கவுண்டராக இருக்கும். கையில் குழந்தை, தோளில் பை, அடிக்கடி ஒலிபெருக்கி அறிவிப்பு. "அங்க போய் டாக்ஸிக்குச் சில்லறை இல்லேன்னா?" என்ற பயம் வேறு. அந்த நிமிடத்தில் 108 ரூபாயா 103 ரூபாயா என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. நானே போட்டதில்லை.

நண்பரின் மனைவி கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இது. மீதிப் பாதி, வாடகை. விமான நிலையம் சும்மா இடம் கொடுக்காது. ஏலம் விடும். யார் அதிகத் தொகைக்கு உத்தரவாதம் தருகிறார்களோ அவர்களுக்கு இடம். வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டியே ஆகவேண்டும். அதனால் நீங்கள் கொடுக்கிற அந்த 16 ரூபாயில் நல்ல பங்கு கடைக்காரருக்கே போகாது, கட்டடத்துக்குப் போகும். கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் இதையும் நினைத்துக்கொள்ளலாம். "குறைந்தபட்சத் தொகை" என்ற வார்த்தையையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

ஹீத்ரோவிலிருந்து ஒவ்வொரு நாடாக, ஒவ்வொரு விமான நிலையமாக ஏறினார்கள். அந்தப் பட்டியலெல்லாம் வேண்டாம். நேராக 2001-க்கு வருகிறேன். அந்த வருடம் ட்ராவலெக்ஸ் 44 கோடி பவுண்டு கொடுத்து தாமஸ் குக்கின் நிதிச் சேவைப் பிரிவை வாங்கியது. இருபத்தைந்து வயதுக் கம்பெனி, நூற்றாண்டு தாண்டிய தாத்தாவின் பணப்பெட்டியை வாங்கிய கதை.

மும்பையில் இருப்பவர்கள் தாமஸ் குக் பெயரைத் தாண்டாமல் இருக்க முடியாது. வி.டி. ஸ்டேஷனில் இறங்கி டி.என். ரோடு வழியாக ஃப்ளோரா ஃபவுண்டன் பக்கம் நடந்தால் தாமஸ் குக் கட்டடம் வரும். (எனக்கு அது இன்னும் வி.டி.தான்.) இங்கிலாந்தில் 1841 ஜூலையில், மதுவிலக்குக் கூட்டத்துக்குப் போக லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஆளுக்கு ஒரு ஷில்லிங்குக்கு ரயில் ஏற்பாடு செய்தவர் தாமஸ் குக். பயண ஏற்பாட்டுத் தொழிலுக்கே அதுதான் ஆரம்பம் என்பார்கள். பம்பாய்க்கு அவர் கம்பெனி 1881-லேயே வந்துவிட்டது. ஆனால் என் மாதிரி ஆளுக்கு அதைவிட முக்கியமானது 1874. அந்த வருடம் அவர்கள் சர்க்குலர் நோட் என்று ஒன்றை விட்டார்கள். ஊரில் பணம் கட்டி நோட்டை வாங்கிக்கொள். போகிற ஊரில் குறிப்பிட்ட ஓட்டலிலோ வங்கியிலோ கொடுத்து அந்த ஊர்ப் பணம் வாங்கிக்கொள். 1891-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் இதை இன்னும் எளிமையாக்கி ட்ராவலர்ஸ் செக் என்று கொண்டுவந்தது. வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது ஒரு கையெழுத்து, இரண்டும் ஒத்துப்போனால் பணம்.

இதில் லாபம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஜனவரியில் பணம் கட்டுகிறீர்கள், மார்ச்சில் மாற்றுகிறீர்கள். நடுவில் இரண்டு மாதம் உங்கள் பணம் வட்டியில்லாமல் அவர்களிடம் இருக்கிறது. இப்படி லட்சக்கணக்கான பேர் பணம். சிலர் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று இரண்டு செக்கை பீரோவிலேயே வைத்துவிடுவார்கள், வருடக்கணக்கில். வழியில் இருக்கிற பணம்தான் இந்தத் தொழிலின் உண்மையான சொத்து.

நான் வங்கியில் சேர்ந்து இரண்டாவது வருடம், 2005 என்று நினைக்கிறேன், ஃபாரெக்ஸ் கவுண்டரில் உட்கார்த்தினார்கள். ட்ராவலர்ஸ் செக் விற்பதும் என் வேலை. ஒரு நாள் மாதுங்காவிலிருந்து ஒரு மாமி வந்தார். நியூ ஜெர்சியில் பெண்ணுக்குப் பிரசவம். பத்துச் செக். "இங்க கையெழுத்துப் போடுங்க மாமி" என்று காட்டிவிட்டுப் பக்கத்து டேபிளில் ஏதோ கேட்டார்கள் என்று திரும்பினேன். மாமி கணவரின் ஃபேமிலி பென்ஷன் வாங்கிப் பழகியவர். கோடு போட்ட இடத்திலெல்லாம் அழகாகக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டார், பத்திலும், மேலேயும் கீழேயும். இரண்டு கையெழுத்தும் விழுந்துவிட்டால் அது கிட்டத்தட்ட பச்சை நோட்டு மாதிரி, யார் கையில் கிடைத்தாலும் ஆபத்து. பத்தையும் கேன்சல் செய்து, விளக்கக் கடிதம் எழுதி, புதுசு கொடுத்து முடிக்கும்போது சாயந்திரம் ஆகிவிட்டது. மேனேஜர் என்னைத் திட்டினார். தப்பு என்னுடையதுதான். மாமி மட்டும் கிளம்பும்போது, "ஏம்பா, என் கையெழுத்துக்கு இவ்வளவு மதிப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த மாமியே இரண்டு வருடம் கழித்து மறுபடி போனபோது செக் வாங்கவில்லை. மாப்பிள்ளை ஏடிஎம் கார்டு கொடுத்துவிட்டாராம். 2001-இல் ட்ராவலெக்ஸ் வாங்கிய பெட்டிக்குள் இருந்த பெரிய சரக்கு அந்தச் செக்தான், அதற்கு ஆயுள் குறைந்துகொண்டே வந்த நேரம். கூடவே அந்த வருட செப்டம்பரில் நியூயார்க் கோபுரங்கள் விழுந்து உலகமே விமானம் ஏறப் பயந்தது. நாலே மாதத்தில், 2002 ஜனவரி முதல் தேதி, பன்னிரண்டு ஐரோப்பிய நாடுகள் ஒரே யூரோ நோட்டுக்கு மாறின. பாரிஸிலிருந்து ரோம் போகிறவன் வழியில் எங்கேயும் நின்று பணம் மாற்ற வேண்டியதில்லை என்றாகிவிட்டது.

மூன்று அடி, அடுத்தடுத்து. ஆனாலும் கம்பெனி நின்றது. காரணம், நோட்டை மட்டும் நம்பவில்லை. செக்குக்குப் பதிலாக முன்கூட்டியே பணம் ஏற்றிய கார்டு கொண்டுவந்தார்கள். ஏற்றுமதி இறக்குமதி செய்கிற சிறு கம்பெனிகளுக்கு, வெளிநாட்டில் படிக்கிற பிள்ளைகளின் ஃபீஸுக்கு, பணம் அனுப்பித் தரும் பிரிவு ஒன்று தனியாக வளர்ந்தது. வங்கிகளுக்கே நோட்டு சப்ளை செய்தார்கள். நாடகம் பார்க்கிற லண்டன்வாசிகளுக்குக்கூட இந்தப் பெயர் தெரியும், 2003-லிருந்து நேஷனல் தியேட்டரில் பத்துப் பவுண்டு டிக்கெட்டுக்கு இவர்கள்தான் பணம் போட்டார்கள். பின்னால் அங்கே ஒரு அரங்குக்கே டார்ஃப்மன் பெயர் வைத்தார்கள்.

2005-இல் அபேக்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் கம்பெனியை 100 கோடி பவுண்டுக்கு மேல் மதிப்பிட்டுப் பெரும்பங்கை வாங்கியது. டார்ஃப்மன் ஒரு பங்கை வைத்துக்கொண்டார். இந்த வகை முதலீட்டாளர்கள் வாங்கும்போது பாதி தங்கள் பணம், மீதி கடன். அந்தக் கடன் வாங்கியவர் தலையில் இருக்காது, வாங்கப்பட்ட கம்பெனியின் தலையில் ஏறும். பெண்ணைக் கொடுத்த வீட்டிலேயே கல்யாணச் செலவுக்குக் கடன் எழுதி வாங்கிக்கொள்வது போல. அதன் பிறகு 2011-இல் கார்டு பிரிவு மாஸ்டர்கார்டுக்கு 29 கோடி பவுண்டுக்குப் போனது. அதே வருடம் கம்பெனிகளுக்குப் பணம் அனுப்பும் பிரிவு வெஸ்டர்ன் யூனியனுக்கு 60.6 கோடி பவுண்டுக்குப் போனது.

விற்ற விலை நல்ல விலைதான். ஆனால் எதை விற்றார்கள், எதை வைத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள். நாளைக்கு வளரக்கூடிய இரண்டும் போய்விட்டன. மிஞ்சியது பெரும்பாலும் நோட்டும் கவுண்டரும், விமான நிலைய வாடகையும். 1986-இல் இருந்த அதே வியாபாரம், கொஞ்சம் பெரிய அளவில். எனக்குக் கேட்டால், கதை திரும்பிய இடம் இதுதான். பிறகு நடந்ததற்கு எல்லாரும் வேறு ஆட்களைக் கை காட்டுகிறார்கள்.

அந்த வேறு ஆட்களிடம் வர, நாம் லண்டனை விட்டு அபுதாபிக்குப் போகவேண்டும். உடுப்பியிலிருந்து பி.ஆர். ஷெட்டி 1973-இல் அபுதாபி போனார். கையில் எட்டு டாலர்தான் இருந்தது என்று சொல்வார்கள். இதில் நம்ப முடியாதது ஒன்றும் இல்லை, அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வெளியே போகிறவர்களுக்கு எட்டு டாலர் என்பது பலர் வீட்டில் சொல்லும் கதை. மருந்து விற்பனையில் தொடங்கி, என்.எம்.சி. என்ற மருத்துவமனைக் குழுமத்தைக் கட்டினார். 1980-இல் அபுதாபியில் தொடங்கிய யு.ஏ.இ. எக்ஸ்சேஞ்ச் அவர் தலைமையில் வளர்ந்தது. அங்கே வரிசையில் நின்றவர்கள் சுற்றுலாப் பயணிகள் இல்லை. கொத்தனார், எலக்ட்ரீஷியன், டிரைவர், நர்ஸ்.

எங்கள் சித்தப்பாவும் எண்பதுகளில் அபுதாபி போனவர். எலக்ட்ரீஷியன். எந்தக் கடை மூலம் அனுப்பினார் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. கோவில்பட்டிக்கு ரெஜிஸ்டர் தபாலில் டிராஃப்ட் வரும். சித்திக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்பதால், நாலாவது படிக்கிற என்னைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போவார். சலான் பூர்த்தி செய்வது என் வேலை. டிராஃப்ட் மதறாஸில் ஒரு கிளையின் பேரில் இருக்கும், அங்கே போய்ப் பணமாகி வரக் குறைந்தது இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்துக்குச் சித்தி மளிகைக் கடையில் கணக்கு எழுதச் சொல்வார். சித்தப்பா சம்பளம் வாங்கிய நாளிலிருந்து எங்கள் ஊரில் அரிசியாக மாறும் வரை ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் பணம் வழியிலேயே இருந்திருக்கிறது. யார் கையில் இருந்தது, யாருக்கு வட்டி என்ற கேள்வி, நான் வங்கியில் சேர்ந்து ஃபாரெக்ஸ் படித்த பிறகுதான் மண்டையில் உறைத்தது.

இன்றைக்கு அப்படி இல்லை. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் கம்பெனிகள் நம் வங்கிகளில் ரூபாய்க் கணக்கு வைத்திருக்கும். அங்கே திர்ஹாம் கட்டின உடனே, இங்கே அந்தக் கணக்கிலிருந்து எடுத்து உங்கள் வீட்டுக் கணக்கில் போட்டுவிடுவோம். பணம் நிஜத்தில் கடல் தாண்டுவது அப்புறம்தான். இது முழுக்க நம்பிக்கையில் ஓடுகிற ஏற்பாடு. அந்தக் கணக்கில் இருப்பு இல்லை என்றால் அன்றைக்கே நின்றுவிடும்.

2014-இல் ஷெட்டி தரப்பு ட்ராவலெக்ஸை வாங்குவதாக அறிவித்தது. விலை சுமார் 100 கோடி பவுண்டு என்றார்கள். கவனித்தீர்களா? ஊருக்குக் காசு அனுப்பும் கொத்தனாரின் கடை, ஹீத்ரோவில் உல்லாசப் பயணிக்கு யூரோ விற்கும் கடையை வாங்கிவிட்டது. செய்தி வந்தபோது எங்கள் ஆபீஸில் மங்களூர்க்காரர் ஒருவர் எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

இரண்டையும் இன்னும் சில கம்பெனிகளையும் சேர்த்து ஃபினாப்லர் என்று ஒரு தாய்க் கம்பெனி அமைத்து, 2019 மே மாதம் லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிட்டார்கள். ஷேர் விலை 175 பென்ஸ். எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அதற்குப் பிறகு எல்லாம் வேகம்.

2019 செப்டம்பரில் தாமஸ் குக் தாய்க் கம்பெனியே 178 வருடத்துக்குப் பிறகு கடனில் மூழ்கியது. ட்ராவலெக்ஸுக்கும் அதற்கும் அப்போது சம்பந்தம் இல்லை, டி.என். ரோடு கம்பெனியும் 2012-லேயே ஃபேர்ஃபாக்ஸ் என்ற கனடியக் குழுமத்திடம் போய்விட்டதால் தப்பித்தது. டிசம்பர் 17-ஆம் தேதி மட்டி வாட்டர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் என்.எம்.சி.யின் கணக்குகளைச் சந்தேகித்து அறிக்கை விட்டது. இரண்டே வாரத்தில், டிசம்பர் 31 அன்று, ட்ராவலெக்ஸ் கம்ப்யூட்டர்களுக்குள் ரான்சம்வேர் புகுந்தது. தகவல்களைப் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கும் வகை. எல்லாக் கணினிகளையும் அணைத்தார்கள். வாரக்கணக்கில் கவுண்டர் ஊழியர்கள் பேனாவும் காகிதமும் வைத்து ரசீது எழுதினார்கள். பார்க்லேஸ், லாயிட்ஸ் மாதிரிப் பெரிய வங்கிகளே வெளிநாட்டு நோட்டுக்கு இவர்களை நம்பி இருந்ததால் அங்கேயும் ஆன்லைன் சேவை நின்றது. கடைசியில் சுமார் 23 லட்சம் டாலர் கொடுத்து மீண்டதாக அமெரிக்கப் பத்திரிகைச் செய்தி.

2020 மார்ச். என்.எம்.சி.யின் கடன் 210 கோடி டாலர் என்று காட்டியிருந்தார்கள். தோண்டினால் 660 கோடி என்றது. அதே மாதம் ஃபினாப்லர் ஓர் அறிவிப்பு விட்டது. கம்பெனி பங்குச் சந்தைக்கு வருவதற்கு முன்பே எழுதப்பட்ட சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள செக்குகள் இருப்பது இப்போதுதான் தெரியவந்ததாம். வேறு யாரோ வாங்கிய கடனுக்கு ஈடாக அவை கொடுக்கப்பட்டிருக்கலாமாம். டைரக்டர்கள் போர்டுக்கே தெரியாத செக்குகள். என் மேனேஜர் பத்து டிராவலர்ஸ் செக்குக்காக என்னை நிற்க வைத்துக் கேட்ட கேள்விகள் அன்றைக்கு ஞாபகம் வந்தன. தம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்று ஷெட்டி சொல்கிறார், பல நாட்டு நீதிமன்றங்களில் வழக்குகள் நடந்தன. அதற்குள் நான் போகவில்லை.

மார்ச் 18-ஆம் தேதி யு.ஏ.இ. மத்திய வங்கி யு.ஏ.இ. எக்ஸ்சேஞ்சைத் தன் மேற்பார்வைக்குள் எடுத்தது, புதிய பரிவர்த்தனைகள் நிறுத்தப்பட்டன. அன்று ராத்திரி சித்தப்பா மகன் முஸஃபாவிலிருந்து போன் செய்தான். அவனும் அங்கேதான் வேலை, இரண்டாம் தலைமுறை. "அண்ணே, நான் அனுப்பறது வேற கடைதான். ஆனா எல்லாக் கடையும் இப்படித்தான் ஆகும்னு கேம்புல பேசிக்கிறாங்க. கையிலயே வெச்சுக்கவா? அம்மாவுக்கு மாத்திரை வாங்கணும்" என்றான். வங்கி அதிகாரி என்று பேர், எனக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. "பாதியை அனுப்பு, அது இங்க வந்து சேர்ந்ததும் மீதியை அனுப்பு" என்றேன். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத யோசனை. மறுநாள் மத்தியானம் சித்தியின் கணக்கில் பணம் ஏறிவிட்டது. ஏறும் வரை நான் நாலு தடவை கணக்கைத் திறந்து பார்த்தேன்.

அடுத்த வாரம் நம் ஊரிலும் ஊரடங்கு. உலகம் முழுக்க விமானம் நின்றது. பறக்கிறவன் இல்லை, மாற்றுகிறவன் இல்லை. ஆனால் வாடகை இருக்கிறது, வட்டி இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேலாக லாபம் கொடுத்த அதே இடம் மூச்சைப் பிடித்தது. 2020 ஆகஸ்டில் ட்ராவலெக்ஸின் பழைய நிறுவனத்தைப் பி.டபிள்யூ.சி. நிர்வாகிகளிடம் ஒப்படைத்தார்கள். கடன் கொடுத்தவர்களே உருப்படியான பகுதிகளை எடுத்துக்கொண்டு புதுக் கம்பெனியாக்கினார்கள். பிரிட்டனில் மட்டும் 1,309 பேருக்கு வேலை போனது. பெரும்பாலும் கவுண்டர் ஆட்கள். ஜனவரியில் பேனாவால் ரசீது எழுதிக் கம்பெனியைத் தூக்கிப் பிடித்தவர்களும் அதில் நிச்சயம் இருந்திருப்பார்கள். செக் விஷயம் அவர்களில் யாருக்குத் தெரிந்திருக்கும்?

ஃபினாப்லரை அந்த டிசம்பரில் ஒரு கூட்டுக் குழு வாங்க ஒப்புக்கொண்டது. விலை ஒரு டாலர்.

ட்ராவலெக்ஸ் என்ற பெயர் போகவில்லை, சிறுத்துப்போய்க் கடன்காரர்கள் கையில் பிழைத்துக்கொண்டது. டார்ஃப்மன் முன்பே விற்றுவிட்டு வேறு வேலைகளுக்குப் போயிருந்தார்.

சரி, நண்பரின் பையனுக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். எங்கள் கிளையிலேயே பாஸ்போர்ட், விசா, டிக்கெட் நகல் வாங்கிக்கொண்டு 200 பவுண்டு நோட்டாகக் கொடுத்தேன், மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றினோம். நோட்டாக ரொம்ப வேண்டாம், 3,000 டாலர் மதிப்புக்கு மேல் கொடுக்க விதியிலும் இடமில்லை. எங்கள் விலையிலும் ஸ்பிரெட் உண்டு, அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பையனிடமிருந்து வாட்ஸப் வந்தது. "அங்கிள், ஏர்போர்ட்ல கவுண்டர் பாத்தேன். ரேட்டைப் பாத்து சிரிச்சுட்டேன். ஆனா பின்னாடி ஒரு பாட்டி நின்னுட்டிருந்தாங்க, நம்ம ஊர்தான், கார்டு இல்லையாம். அவங்களுக்கு என்கிட்ட இருந்து இருபது பவுண்டு கொடுத்தேன். ரூபாயா கொடுத்தாங்க. என்ன ரேட் போடறதுன்னு தெரியல, நூறுன்னு போட்டுட்டேன். சரியா?"

லைசென்ஸ் இல்லாமல் செலாவணி மாற்றக் கூடாது என்று பதில் எழுத ஆரம்பித்தேன். பிறகு அழித்துவிட்டேன்.